வெட்டுகிற பொத்தான் என்னுடையது

பாலைவனம் என்றால் எங்களுக்கு மண்டபம் முகாம்தான். வேறு மணல் நாங்கள் பார்த்ததில்லை. பிறந்தது இலங்கையில் ஒரு தேயிலை மலை, வந்து சேர்ந்தது கீழ் கோத்தகிரிப் பக்கம் இன்னொரு தேயிலை மலை. இரண்டுக்கும் நடுவே, கப்பலை விட்டு இறங்கி, எந்த ஊருக்கு அனுப்பப் போகிறார்களோ என்று காத்துக் கிடந்த அந்த மணல். அதனால்தான் கோத்தகிரி பஜாரில், டிவி ரிப்பேர் கடையில் இருந்த ஒரு திரையில், தலையில் துணி சுற்றிய குட்டி மனிதன் மஞ்சள் மணலில் நடக்க ஆரம்பித்ததும் என் கூட்டாளி என் தொடையில் ஓங்கி அடித்தாள்.

"ஏய், மண்டபம்டி!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தோழியைக் கூட்டாளி என்பது அந்த நாட்டுப் பேச்சு. இங்கு வந்து இத்தனை காலம் ஆகியும் எனக்கு அந்த வார்த்தைதான் வருகிறது. அவளை நான் கண்டது முகாமில், இருவரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது. தண்ணீர் பிடிக்க வரிசைக்குப் போகவேண்டும். மத்தியான மணல் காலைப் பொரிக்கும். எனக்குச் செருப்பில்லை. அவள் என் காலைப் பார்த்தாள், தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். ஆளுக்கு ஒரு கால் செருப்பு. வெறுங்காலைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு நொண்டியடித்துப் போனோம். அதைப் பார்த்த என் அம்மா, "ரெண்டு நொண்டி சேந்து ஒரு முழு மனுசியாப் போகுது பாரு" என்றாள். அந்தப் பேச்சும் எங்களோடு மலையேறி வந்துவிட்டது. எங்களுக்குப் பிறகு கொஞ்ச நாளில் கப்பலும் நின்றுபோனது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தோட்டம் கிடைத்ததை அம்மா அதிர்ஷ்டம் என்றாள். நாங்கள் வளர்ந்து கொழுந்தெடுக்கப் போனபோதும் பக்கத்துப் பக்கத்து வரிசைதான்.

கடையில் இருந்த டிவி கேம் யாரோ வளைகுடாவிலிருந்து வந்தவர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க வராமலே போனது. கடைக்காரர் அதைச் சரிசெய்து, ஒரு பழைய டிவியில் மாட்டி வைத்திருந்தார். சாமான் வாங்கக் காத்திருப்பவர்கள் விளையாடலாம். ரிப்பேருக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருந்தது? ஞாயிற்றுக்கிழமை லீவில் தோட்டத்து ஓரத்தில் கீரை பறித்துக் கட்டி, கடைக்காரரின் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அந்த அக்கா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வாய் நிறையக் கூப்பிடுவார். "வாங்க சிலோன் கண்ணுகளா, உங்க ராசா இன்னும் மண்ணுலயே நின்னுட்டிருக்கான்" என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போடுவார்.

அந்த ராசா எதற்காக நடக்கிறான் என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. கதை இங்கிலீஷ் எழுத்தில் ஓடி மறைந்துவிடும். ஊரைவிட்டு அனுப்பப்பட்டவன் என்று நாங்களே வைத்துக்கொண்டோம். பேசுகிற மரம், பறக்கிற பாம்பு எல்லாம் தாண்டி வந்து, மணலில் பாதி புதைந்த ஒரு கோயிலுக்குள் அவன் நுழையவேண்டும். வழியில் பெட்டி ஒன்று திறந்தால் ஒரு குட்டிப் பாட்டு வரும்; கடைசிப் பெட்டி அந்தக் கோயிலுக்குள் இருக்கிறது என்பார் கடைக்காரர்.

ரிமோட் ஒன்றுதான். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை. பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ரிமோட்டை இருவரும் பிடித்தோம். இடப்பக்கம், திசை காட்டும் பட்டை, அவள் கட்டைவிரலுக்கு. வலப்பக்கம், வெட்டுகிற பொத்தான், எனக்கு. அவள் நடப்பாள், நான் வெட்டுவேன். "இப்ப" என்றுகூட அவள் சொல்லவேண்டாம். மூச்சு இழுப்பதிலேயே தெரிந்துவிடும். கடைக்காரர் பற்றவைக்கிற வேலையை நிறுத்திவிட்டு எங்கள் விரல்களைப் பார்ப்பார். "எலை பறிக்கற கையில்லீங்களா, அதான்" என்பார் மனைவியிடம்.

கூரையிலிருந்து மணல் கொட்டும் அறை, தேள் ஓடும் அறை, சுவர்கள் இரண்டும் நெருங்கி வரும் அறை. எல்லாம் தாண்டினோம். கடைசியில் உள்கூடம். அங்கேதான் நின்றுபோனோம். நடுவில் ஒரு கற்சிலை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மனித உடம்பு, சிங்க முகம். இரண்டு பக்கமும் தீப்பந்தம். வேறு வாசலே இல்லை.

"அத ஒடைக்கோணும் கண்ணு. பொறத்தால வழி இருக்கும்" என்றார் கடைக்காரர்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் கட்டைவிரல் தானாகவே நகர்ந்தது. ராசா சிலையை வலமாகச் சுற்றி வந்து நின்றான்.

கடையே சிரித்தது. டிவியை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை, மாமியார் வீட்டுக்கு ஒவ்வொரு ஞாயிறும் வந்துவிடுவார், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது, கேமுக்குள்ள போயி கும்புடுறீங்க! எங்க ஃபேக்டரி மருந்து கொஞ்சம் கொண்டாரட்டுமா? சாமிய ஒரே போடாத் தூக்கிரலாம்."

"உங்க மாமியாருக்கு வச்சுக்கோங்கண்ணே" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். மறுபடியும் சிரிப்பு.

ஆனால் எங்களுக்கு அது சிரிப்பில்லை. அந்த நாட்டைவிட்டுக் கிளம்பிய அன்று, நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு மேலே தேயிலைக்குள் இருந்த மாரியம்மன் கல்லின் முன்னால் நின்று அம்மா கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பொட்டி படுக்கையக் கட்டியாச்சு. ஆத்தாள எதுல கட்டுறது?" கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். ஒரு சாமியை விட்டுவிட்டு வந்தது போதாதா, இன்னொரு சாமியை உடைக்கவும் வேண்டுமா?

இதைச் சொன்னது நான் இல்லை. அவள்தான் சொன்னாள், அன்று திரும்புகிற பஸ்ஸில். சொல்லிவிட்டு என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "ஒடைக்க வேணாம்டி. வேற வழி இருக்கும். தேடுவோம். போனா ரெண்டு பேரும் சேந்து போவோம்."

போனால் இரண்டு பேரும் சேர்ந்து. இதே பேச்சுதான் எங்களுக்கு வெளியிலும் இருந்தது. கீழே, சமவெளியில், ஒரு பஞ்சாலையில் பெண் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தார்கள். ஹாஸ்டலும் உண்டு. ஆள் சேர்க்கிற அம்மாள் கடைக்காரரின் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா. எங்கள் ஆட்கள் அந்த அம்மாளைப் பார்க்காமலேயே கங்காணியம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அட்டைக்கடியும் மழையும் இல்லாத வேலை, தலையில் கூடைக்கயிறு விழாத வேலை. "கீழ எறங்கிட்டா நிமிந்து நடக்கலாம்டி" என்பாள் என் கூட்டாளி. அவளுக்கு வீட்டில் தடையில்லை. எனக்குத்தான் அம்மா. "கடலத் தாண்டி ஒன்னக் கொண்டாந்தது கண்காணாத எடத்துக்கு அனுப்பவா?" என்று வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். நானும் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் ஒரு நாள் அடுப்பை ஊதிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அந்தப் புள்ளையும் வருதுல்ல? அப்ப போ" என்றாள்.

மறுநாள் காலை மலையில் அதை அவளிடம் சொன்னேன். இரண்டு வரிசைக்கும் நடுவே கூடையோடு அப்படியே கட்டிக்கொண்டாள். அவளுடைய கொழுந்து என் கூடையில் கொட்டியது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று அவள் தம்பி வந்து சொன்னான். சாயங்காலம் கொத்தமல்லிக் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். போர்வைக்குள் இருந்தாள். நெற்றி சுடவில்லை. "எறங்கிருச்சு போல" என்றாள். நானும் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்?

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கீரைக்கட்டோடு கடைக்குப் போனோம். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன், ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை கேட்க வேண்டும் என்று. ஸ்டூலில் உட்கார்ந்தோம். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். ஆட்டத்தை எங்கே விட்டோமோ அங்கிருந்தே தொடங்கும் அந்தக் கேசட்டில். உள்கூடம் வந்தது. தீப்பந்தங்கள் வந்தன.

சிலை இல்லை. அது இருந்த இடத்தில் கல் குவியல். சிங்கத் தலை தனியாக ஓரத்தில் கிடந்தது. பின்னால் கறுப்பாக ஒரு வழி.

"யாரு ஒடைச்சது?" என்று கேட்டேன். அருவங்காட்டுக்காரரைத்தான் நினைத்தேன். அவர் கையை விரித்தார். "எனக்கு உங்க ராசாவ நடக்கவைக்கவே தெரியாது தாயி."

அவள் ரிமோட்டை எடுக்கவில்லை. கை மடியில் இருந்தது.

அதற்குள் கடைக்காரரின் மனைவி கீரையை வாங்கிக்கொண்டே, எதுவும் தெரியாமல் என்னிடம், "ஏங்கண்ணு, ஒனக்குக் குடுத்து வைக்கல போ. அன்னிக்கு மில்லுக்கு ஆளெடுக்க எங்கக்கா வந்தப்ப ஒன்னையுந்தான் கேட்டாங்க. உங்கம்மா உடாதாமா? இந்தப் புள்ளதான் சொல்லுச்சு. செரி, இருந்தது ஒரே எடந்தான், இவளாவது போகட்டும்" என்றார்.

எனக்கு முதலில் அந்தப் பேச்சு புரியவில்லை. திரையைப் பார்த்தேன், கல் குவியலைப் பார்த்தேன், பிறகு புரிந்தது. காய்ச்சல் என்று படுத்த அன்று அவள் இங்கே வந்திருக்கிறாள். இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கம்மா விடமாட்டான்னா சொன்ன?"

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"நான் ஒங்கிட்டதான மொதல்ல சொன்னேன். எங்கம்மா சரின்னு சொன்னத ஒங்கிட்டதான சொன்னேன்."

"ஒரு எடந்தான்டி இருந்துச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. நான் ஒன்னையப் போகச் சொல்லியிருப்பேனே."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. கோபம்தான் இருந்தது, என்மேல். "சொல்லியிருப்ப. தெரியும். அதான் கேக்கல. கேட்டா நீ விட்டுக் குடுத்திருப்ப. அப்புறம் காலம் பூரா விட்டுக் குடுத்தவளாவே எம்முன்னாடி நிப்ப."

கடைக்காரர் பற்றவைக்கிற வேலையில் குனிந்துகொண்டார்.

"அப்ப சிலைய எதுக்குடி ஒடைச்ச?"

"தெரியாமப் பட்டுருச்சு. அந்தம்மா வர நேரமாச்சு, சும்மா எடுத்துப் பாத்தேன். எந்தப் பொத்தான்னு எனக்கென்ன தெரியும்?"

கடைக்காரர் தலையைத் தூக்காமல் சொன்னார். "ஒத்த அடிக்கு ஒடையற செலையில்லீங் கண்ணு அது. விடாம அடிக்கோணும்."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். வளைவுகளில் அவள் பின்னந்தலை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வேலை போனதை நினைத்தேன் என்று சொன்னால் பொய். என் பொத்தானை அவள் அமுக்கியதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயை எடுத்து அவள் பேசினாள், என் விரலை எடுத்து அவள் வெட்டினாள். மிச்சம் என்னிடம் என்ன இருந்தது?

அம்மாவிடம் இடம் ஒன்றுதான் இருந்ததாம் என்று மட்டும் சொன்னேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, சோத்தத் தின்னு" என்றாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

அவள் கிளம்பிய காலையில் நான் வழியனுப்பப் போகவில்லை. எங்கள் மலையிலிருந்து பஸ் திரும்பும் வளைவு தெரியும். பஸ் வந்தபோது என் பக்கத்து வரிசையில் வேறொரு பெண் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தாள். "ஒன் கூட்டாளி போறா போல, கையக் காட்டு" என்றாள். இரண்டு கையும் செடியில் இருக்கிறது என்றேன்.

அடுத்த ஞாயிறு தனியாகக் கடைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். என் இடக்கை எதையும் பழகியிருக்கவில்லை. ராசா சுவரில் முட்டினான், தூணில் முட்டினான். கல் குவியலை அப்போதும் வலமாகச் சுற்றித்தான் கொண்டுபோனேன். பின்னால் படிக்கட்டு. கீழே ஒரு சின்ன அறை, ஒரு பந்தம், நடுவில் ஒரு பெட்டி.

பெட்டி மூடியிருந்தது.

அவள் எடுத்துப் போயிருந்தால் எனக்கு ஒரு வழியாக ஆறியிருக்கும். ஆசைப்பட்டாள், எடுத்தாள் என்று வைத்துக்கொண்டிருப்பேன். சத்தியத்தையும் உடைத்து, சாமியையும் உடைத்துவிட்டு, பெட்டியை எனக்கென்று மிச்சம் வைத்துப் போயிருக்கிறாள். விட்டுக் கொடுத்தவளாக நான் அவள் முன்னால் நிற்கக்கூடாது என்றவள், இப்போது தானே விட்டுக் கொடுத்தவளாக என் முன்னால் நிற்கிறாள்.

"தொறயேன் கண்ணு, இத்தன நாளும் இதுக்குத்தான பாடுபட்டீங்க?" என்றார் கடைக்காரரின் மனைவி. பாவம், அன்று பேசியதிலிருந்து அவர் என்னிடம் இன்னும் அதிகமாகக் குழைந்துகொண்டிருந்தார்.

"அது அவ விட்டுட்டுப் போனதுங்கக்கா."

"அப்ப ஒனக்குத்தான?"

"நான் கேக்கலைங்க."

கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருவங்காட்டுக்காரரின் மடியில் ரிமோட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, நெசமாத்தானா?" என்றார்.

நான் கடைப்படி இறங்கி ரோட்டைத் தாண்டும்போது பின்னால் அந்தப் பாட்டு கேட்டது, பெட்டி திறக்கும்போது மட்டும் வருகிற குட்டிப் பாட்டு. அவர் என்னவோ சொல்லிச் சிரித்தார். என்ன கிடைத்தது என்று கேட்க நான் திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் நின்றிருந்தது. ஏறி, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன்.