சாமி இல்லாத மண்டபம்

அமாவாசை அன்னிக்கி ஆரணியில தறி ஓடாது. நெசவுக்காரங்களுக்கு அதான் லீவு. மத்தவங்கல்லாம் படையல் போட்டு, காக்காவுக்கு சோறு வச்சி, தானும் துன்னுட்டு சினிமாவுக்கு போவாங்க. நான் சைக்கிள எடுத்துகினு பாழடஞ்ச எடமா பாத்து போவேன். தொண்ணூறுகள்ல, கல்யாணத்துக்கு முன்னாடியே புடிச்ச கிறுக்கு இது.

ஊருக்கு வெளிய ஜாகிர்தாருங்க வுட்டுட்டு போன பங்களா ஒண்ணு இருக்கு. மாடிப்படி இருக்கும், மாடி இருக்காது. அப்பால மூடிப்போன ரைஸ் மில்லு, தண்ணி வராத மதகு, கூரை எறங்கிப்போன சத்திரம், ஒண்ணு வுட மாட்டேன். பெரணமல்லூர் பக்கம் ஒரு இடிஞ்ச கிடங்குல பூந்து, வவ்வாலு மூஞ்சில அடிச்சி, ஓடி வந்ததுல ஒரு செருப்பு அங்கயே தங்கிடிச்சி. வெறுங்கால்ல பெடல் மிதிச்சா சுடுதுன்னு ஒரே கால்ல மிதிச்சிகினு வந்தவன் நான். புதையல் தேடி போறான்னு தெருவுல பேசிகினாங்க. எதுக்கு போறேன்னு எனக்கே தெரியாது. தறிக்குழியில கால வுட்டுகினு நாளெல்லாம் டக்கு டக்குன்னு கேக்கறவனுக்கு, சத்தமே இல்லாத எடம் கெடச்சா போதும் போல.

அந்த பங்களா சுவத்துல பசங்க கரித்துண்டுல பேரு எழுதி வச்சிருப்பாங்க. நான் மூணாவதோட நின்னவன். அதுவும் மூணாவதுல ரெண்டு வருசம். பேரு எழுதி தப்பாயிட போவுதுன்னு ஒரு நாடா படம் வரஞ்சேன். தறியில நூல இந்தாண்ட அந்தாண்ட எடுத்துகினு ஓடுமே, அந்த நாடா. அடுத்த அமாவாசைக்கு போனா, கீழ எவனோ ‘கத்திரிக்கா’ன்னு எழுதி வச்சிருக்கான். அத எழுத்து கூட்டி படிச்சி முடிக்கவே எனக்கு அரை பீடி ஆச்சி.

என் பொண்டாட்டிக்கு இந்த ஊர் சுத்தற வேலை சுத்தமா புடிக்காது.

"மனுசங்க இருக்கற எடத்துக்கு போனா உன்ன தொரத்துறாங்களாய்யா?"

"சிரிக்கறாங்கமே."

"உன் முடிச்ச பாத்து நானே நாளெல்லாம் சிரிச்சிகினு தான இருக்கேன்."

முடிச்சு சமாச்சாரம் என்னன்னா, தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலு அறுந்துகினே இருக்கும். ஒடனே முடிச்சு போட்டு ஓட்டணும். கண்ணுக்கு தெரியாத மாதிரி போடறவன் தான் நெசவுக்காரன். எனக்கு பீச்சாங்கை பழக்கம். எல்லாரும் சுத்தற பக்கத்துக்கு எதிர்பக்கமா சுத்துவேன். அவுந்துடுமோன்னு பயந்து ஒரு சுத்து கூடவே சுத்துவேன். வாலையும் நீளமா வுட்டுடுவேன். "இது முடிச்சா, மூட்டப்பூச்சியா?"ன்னு கேப்பா. அவ அப்பிடி இல்ல. ஒரு பாவு முடிஞ்சி அடுத்த பாவு வந்தா, பழைய நூலையும் புது நூலையும் ஒண்ணொண்ணா புணைக்கணும், ஆயிரக்கணக்குல இருக்கும். எங்கூட்ல அது அவ வேலை. அவ புணைச்சா எங்க புணைச்சான்னு அவளுக்கே தெரியாது.

சந்தவாசல் போற ரோட்ல, மெயின் ரோட்ட வுட்டு எறங்கி கொஞ்ச தூரம் வரப்பு மேல போனா ஒரு மண்டபம். நாலு காலு, மேல பாதி கூரை. உள்ள சாமி இல்ல, இருந்த தடம் கூட இல்ல. மூலையில ஒரு வேப்பமரம் கல்ல பொளந்துகினு நிக்கும். நான் பாத்ததுலயே ஆளே வராத எடம் அதான். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா கத்திரிக்கா எழுத வந்துடுவானுங்க.

எங்க மொத கொழந்த பொண்ணு. ஆஸ்பத்திரியில பொறந்து ஒரு ராத்திரி இருந்திச்சி. காத்தால இல்ல.

என் பொண்டாட்டி படுக்கையில மயக்கமா இருந்தா. அவ அம்மா என்ன வராண்டாவுக்கு கூட்டினு போயி சொன்னாங்க: "எடுத்துனு போயி வச்சிட்டு வந்துடுங்க. ஆனா எங்க வச்சீங்கன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா போயி போயி ஒக்காந்துகினு இருப்பா. அடுத்தது தங்காது." எங்க பக்கம் அது வழக்கம். பச்ச கொழந்தய எரிக்க மாட்டாங்க, பொதைப்பாங்க. எடத்துக்கு அடையாளம் வைக்க மாட்டாங்க. பெத்தவகிட்ட சொல்ல மாட்டாங்க. நான் அவங்க கையில அடிச்சி சத்தியம் பண்ணேன்.

பொதுவா ஆத்தோரம் மணல்ல தான் வைப்பாங்க. அங்க நாயிங்க நோண்டறத நான் என் ஊர் சுத்தலுல பாத்துருக்கேன். அதனால கொழந்தய எடுத்துகினு நேரா வூட்டுக்கு வந்தேன். தறியில ஒரு புடவ முக்கால்வாசி ஓடியிருந்திச்சி. கத்திரிய எடுத்து அத அறுத்தேன். முதலாளி புடவ அது. அப்பால அவருகிட்ட எலி கடிச்சிடிச்சின்னு சொன்னேன். "எலி ஸ்கேல் வச்சி கடிக்குமாடா?"ன்னாரு. ஒரு நிமிசம் என் மூஞ்சியவே பாத்தாரு. அதுக்கு மேல எதுவும் கேக்கல.

சைக்கிள என் மச்சான் ஓட்டனான், அவ தம்பி. நான் பின்னாடி கேரியர்ல, மடியில அந்த பட்டு சுருட்டு. பஸ் ஸ்டாண்டாண்ட தெரிஞ்ச ஆளு ஒருத்தரு பாத்துட்டு கேட்டாரு: "இன்னாபா, புடவ டெலிவரியா?" நாங்க புடவய அப்பிடி தான் சுத்தி மடியில வச்சிகினு போவோம். "ஆமாங்க"ன்னேன். மச்சான் முதுகு குலுங்கிகினே இருந்திச்சி. ரோடு மோசம்னு நெனச்சிகினேன்.

மண்டபத்து மூலையில, வேப்பமரத்தாண்ட நோண்டனோம். மூடிட்டு, பேந்து கெடந்த கல்லு ஒண்ண ரெண்டு பேருமா உருட்டி மேல வச்சோம், நாயிக்காக. கெளம்பறப்ப எனக்கு மனசு ஆவல. புடவ அறுத்தப்ப கையில வந்த செவப்பு நூலு, பார்டர் நூலு, ஒரு கொத்து ஜேப்புல இருந்திச்சி. அத மரத்து கெளையில கட்டனேன்.

"மாமா, அடையாளம் வைக்கக் கூடாதுன்னாங்களே"ன்னான் மச்சான்.

"அவளுக்கு தான சொல்லக் கூடாது. எனக்குமா?"

மூணு மாசம் கழிச்சி அவ தார் சுத்திகினு இருந்தா. நாடாவுக்குள்ள வைக்கற குழல்ல நூல் சுத்தறது, அதுவும் அவ வேலை தான். ராட்டைய நிறுத்தாமலயே கேட்டா: "எங்கய்யா வச்ச?"

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தெரியலன்னா நான் ஜோக்கடிப்பேன், அது என் வியாதி. "பங்களாவுல ராணியம்மா கேட்டாங்க, குடுத்துட்டு வந்தேன்"ன்னேன். ராட்டை நின்னுச்சி. எழுந்து உள்ள போயிட்டா. எட்டு நாளு பேசல. ஒம்பதாம் நாளு, "சோறு ஆறுது"ன்னா. அதுக்கப்பறம் அவளும் கேக்கல. நான் அந்த மண்டபத்து பக்கம் போவவே இல்ல. மத்த எல்லா இடிஞ்ச எடத்துக்கும் போனேன். போற வழியில அந்த வரப்பு வந்தா மட்டும் ஜல்தியா மிதிச்சிகினு தாண்டிடுவேன்.

நாலஞ்சி வருசம் போச்சி. அடுத்தது எதுவும் நிக்கல. ஒரு நாளு தெருவுல கேட்டுட்டு வந்து சொன்னா: "புதுசா ஒரு அம்மனாம். நூலம்மன்ங்கறாங்க. நூலு கட்டினா கொழந்த தங்குதாம். அமாவாசைக்கு கூட்டினு போயா."

எங்கன்னு நான் கேக்கல. என்னிக்கி கேட்டிருக்கேன்? அவ கையில மஞ்சள்ல நனைச்ச பட்டு நூலு ஒரு கொத்து வச்சிகினு பஸ் ஏறனா. பஸ்ஸு சந்தவாசல் ரோட்ல திரும்பிச்சி. அப்பவும் எனக்கு உறைக்கல. எறங்கி நாலு பொம்பளைங்க பின்னாடி வரப்பு மேல நடந்தோம். தூரத்துல அந்த பாதி கூரைய பாத்ததும் வரப்புலயே நின்னுட்டேன்.

"இன்னாய்யா நின்னுட்ட?"

"முள்ளு."

வேப்பமரத்துல எல கம்மி, நூலு ஜாஸ்தி. செவப்பு, மஞ்ச, பச்ச, காட்டன், நைலான், பட்டு, ஜாக்கெட் கிழிசலு கூட. அடியில அந்த கல்லு. நானும் மச்சானும் உருட்டன அதே கல்லு. மஞ்ச பூசி, குங்குமம் வச்சி, கண்ணு வரஞ்சிருந்தாங்க. சுத்தி பத்து பொம்பளைங்க. வயசான அம்மா ஒருத்தங்க, பக்கத்து ஊரு கூலி வேலைக்காரம்மா, கல்லுக்கு பால் ஊத்திகினு இருந்தாங்க.

என் பொண்டாட்டிய பாத்து அவங்களே சொன்னாங்க: "வா கண்ணு. இது மனுசன் கட்டன கோயிலு இல்ல. ஆடு மேய்க்க வந்தப்ப நாந்தான் மொதல்ல பாத்தேன். காக்கா கூட வராத எடத்துல பட்டு நூலு. எவன் வந்து கட்டுவான்? அம்மாவே கட்டிகினா. என் மருமவளுக்கு மூணு தபா கலஞ்சி போச்சி. நானும் என் முந்தானைய கிழிச்சி கட்டனேன். இப்ப பேரன் எட்டி ஒதைக்கறான். தோ பாரு, அந்த மொத நூலு. யாரும் தொட மாட்டோம்."

அந்தம்மா கை காட்டன கெளையில மரப்பட்டை வளந்து நூல பாதி முழுங்கியிருந்திச்சி. செவப்பு வெளுத்து செங்கல் கலரா இருந்திச்சி. முடிச்சு மட்டும் வெளிய துருத்திகினு இருந்திச்சி. வாலு நீளமா.

கும்புட போனவ கைய பாதியில நிறுத்தனா. கிட்ட போயி பாத்தா. பாவுல அறுந்த எழை தேடறப்ப கண்ண சுருக்கி பாப்பாளே, அப்பிடி. விரல வச்சி தடவனா. யாரும் தொடாதத அவ தொட்டதும் ஒரு பொம்பள, "தொடாத, தொடாத"ன்னுச்சி. பால் ஊத்தனவங்க கைய காட்டி அடக்கனாங்க.

திரும்பி என்ன பாத்தா.

"எதிர்பக்கம் சுத்தியிருக்கு"ன்னா. மெதுவா தான் சொன்னா. "ஒரு சுத்து ஜாஸ்தி."

நாலஞ்சி வருசம் சத்தியத்த காப்பாத்தனவன், ஒரு முடிச்ச ஒழுங்கா போட தெரியாம மாட்டிகினேன். அவ கல்ல பாத்தா. திரும்ப என்ன பாத்தா. நான் தலைய ஆட்டனேன். அவ்ளோ தான் பண்ணேன்.

கல்லாண்ட போயி ஒக்காந்தா. அங்க வந்த பொம்பளைங்கல்லாம் அழுவாங்க போல, அதனால யாரும் இவள தனியா பாக்கல. பால் ஊத்தனவங்க சொம்ப அவ கையில குடுத்தாங்க. ஊத்தனா. ஒரு சொட்டு வெளிய சிந்தல. பக்கத்துல இருந்தவங்களுக்கு அது சாமி. அவங்க சாமிய கெடுக்க எனக்கு ஏது வாயி? அந்தம்மா பேரன் ஒதைக்கறான்ல.

எழுந்தா. கொண்டு வந்த மஞ்ச நூல வேற கெளையில கட்டல. என் நூலோட நீள வால எடுத்து, தன் நூலோட முனைய அதுல வச்சி, எச்சில் தொட்டு முறுக்கனா. பாவு புணைக்கற மாதிரி. எங்க புணைச்சான்னு தெரியல.

திரும்பி வரப்புல நடக்கறப்ப கேட்டா. "கொழந்த மேல இன்னா சுத்தின?"

"தறியில இருந்த புடவய அறுத்து."

"எலி கடிச்சிச்சின்னியே?"

"ஆமா."

"மாம்பழ கலரு."

"ஆமா."

வரப்பு முடியற எடத்துல, "அதுக்கு தார் பூரா நாந்தான் சுத்தனேன். வயித்த வச்சிகினு. ராட்டை சத்தத்துக்கு உள்ள ஒதைப்பா"ன்னா.

பஸ்ஸு வந்திச்சி. மண்டபம் தெரியற பக்கத்து ஜன்னல்ல ஒக்காந்துகினா. மரம் மறையற வரைக்கும் திரும்பி பாத்துகினே வந்தா. அவள சிரிக்க வைக்க எதுனா சொல்லலாம்னு நான் வாய தொறந்தேன்.

"சும்மா இருய்யா"ன்னா.

இருந்தேன்.