நஜ்முன் நிஸாவின் பெயரில் மூன்று பேர்

கிண்ணியாவிலிருந்து காலை ஆறரை பஸ்ஸில் புறப்படும் நஜ்முன் நிஸா நேரே கடைக்கு வருவதில்லை. ஒருநாள் சாம்பல்தீவு, ஒருநாள் திரியாய் என்று, படகுகள் கரைக்கு வரும் நேரம் பார்த்துப் போவார். திருகோணமலையில் நாங்கள் வேலை செய்யும் நிறுவனம் படகு எஞ்சினும் ஐஸ் பெட்டியும் விற்கிறது. யாருக்கு எது தேவை, யாருடைய எஞ்சின் இந்த வருஷத்தைத் தாண்டாது என்று கேட்டறிந்து கொப்பியில் எழுதிக்கொண்டு மத்தியானம் கடைக்கு வருவார்.

அவருக்கு முப்பத்தொன்பது வயது. பத்து வருஷம் ஓர் ஐஸ் ஆலையில் படகுக்காரருக்கு ஐஸ் எடுக்கத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தவர். பிறகு ஒரு துணிக்கடை. இரண்டும் நாட்கூலி. நியமனக் கடிதம் என்று ஒன்று அவர் கைக்கு வந்ததே இல்லை. இங்கே ஆறு மாதத் தவணையில் சேர்த்திருந்தார்கள். அதற்குள் நாற்பது புதிய வாடிக்கையாளர்களைப் பதிந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

பதிவதற்குக் கடையில் ஒரே ஒரு கொம்பியூட்டர். அதில் ஏஐ உதவியாளைப் பொருத்தியது நான். எங்கள் வீட்டில் முதலாவது பட்டதாரி நான். எனக்கும் அது முதல் வேலை. நிஸா அக்கா கதிரையில் அமர்ந்து, “திரியாய், பெயர் இன்னது, பதினைந்து குதிரைவலு எஞ்சின் கேட்கிறார்” என்று சொன்னால் போதும். அது தானே பதிவை உருவாக்கிவிடும். கதைத்தால் பதிகிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் அதை நம்பினேன்.

ஐந்தரை மாதம் முடிந்தபோது மேலாளர் லெஸ்லி சேர் கொழும்புத் தலைமையகத்துக்கு அனுப்ப அறிக்கை எடுத்தார். நஜ்முன் நிஸாவின் பெயரில் மூன்று வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கடையின் முன்மேசையில் இருந்து விற்கும் ஜவ்பர் நானாவின் பெயரில் ஐம்பத்திரண்டு.

நிஸா அக்கா கொப்பியை விரித்துப் பார்த்தார். பிறகு அவரிடம் திரும்பினார்.

“ஜவ்பர் நானா, நீங்க எப்ப திரியாய்க்குப் போனீங்க?”

“நாலு வருஷம் இருக்கும். ஒரு கலியாண வீட்டுக்கு.”

“சிஸ்டத்தில போன மாசம் மட்டும் ஏழு தரம் போயிருக்கிறீங்க.”

“அப்ப எனக்கு ஏன் கால் வலிக்கல்ல?”

ஏன் இப்படியானது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடையை எப்போதும் திறப்பவர் ஜவ்பர் நானா. அவருக்குக் கைராசி என்பது பேச்சு. கதவைத் திறந்த கையோடு கொம்பியூட்டரையும் தன் லொகினால் திறப்பார். திறந்த கையே மூட வேண்டும் என்ற நம்பிக்கையால் பின்னேரம்வரை வேறு யாரும் அதை மூடித் தங்கள் பெயரில் திறப்பதில்லை. நிஸா அக்காவின் பெயரில் இருந்த மூன்றும், ஜவ்பர் நானா காய்ச்சலில் வராத ஒரு நாளில் அக்கா தன் லொகினால் திறந்து பதிந்தவை. உதவியாளோ, எந்த லொகின் திறந்திருக்கிறதோ அவரே கதைக்கிறார் என்று எடுத்துக்கொண்டது. பதிவதற்கு முன் “இப்போது கதைப்பது யார்?” என்று கேட்கும் ஒரு கட்டம் அதில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கேட்டுக் கரைச்சல் தருகிறது என்று பரீட்சித்த நாளில் நான்தான் அதை எடுத்துவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டுக்கும் படிவம் நிரப்பிக் கொடுப்பது நான். பெயரைக் கேட்காமல் இரண்டாவது வரிக்குப் போனதே இல்லை. இங்கே மட்டும் அது ஏன் தேவையில்லாததாகத் தோன்றியது? படித்தது மறக்கச் செய்ததா, பாராட்டு மறக்கச் செய்ததா?

“ஐம்பத்திரண்டு பேர் வந்திருக்கினமே, உங்களுக்கு ஒரு சந்தேகமும் வரேல்லையா?” என்று லெஸ்லி சேர் ஜவ்பர் நானாவிடம் கேட்டார்.

“கைராசி எண்டு நினைச்சனான் சேர்.”

அந்தப் பதிவுகளுக்காக முந்திய மாதம் கொழும்பிலிருந்து வந்த பாராட்டுக் கடிதத்தை ஜவ்பர் நானா லமினேட் செய்து வைத்திருந்தார். இப்போது கொழும்பு கேட்டது ஒன்றுதான்: அந்தப் பதிவுகள் தன்னுடையவை அல்ல என்று அவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவர் பேனையை எடுத்துவிட்டு வைத்தார்.

“பொண்டாட்டி அந்தக் கடிதத்தைக் கட்டார்ல இருக்கிற மச்சானுக்குக் கூட அனுப்பிட்டா. இப்ப நான் என்னத்தச் சொல்ற?”

“மெஷின் பிழை எண்டு சொல்லுங்கோவன்” என்றார் லெஸ்லி சேர்.

“மெஷின் பிழையில்ல, சேர். நான் விட்ட பிழை” என்றேன். “அதையும் எழுதுங்கோ. நானும் கையெழுத்து வைக்கிறன்.”

ஜவ்பர் நானா பேனையைத் திரும்ப எடுத்தார். “சரி, மச்சானுக்கு உங்கட நம்பரைக் குடுக்கிறன்” என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

பதிவுகளை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற முடிந்தது. நிஸா அக்கா கொப்பியைப் பார்த்துப் பெயரை வாசிக்க, நான் மாற்றினேன். அந்த மூன்றைத் தவிர கொப்பியில் இருந்த நாற்பது பெயர்களும் ஜவ்பர் நானாவின் பட்டியலில் இருந்தன. பழைய மூன்றோடு நாற்பத்து மூன்று. முடிந்தது என்று கையை எடுத்தேன்.

“பொறுங்க தங்கச்சி” என்றார். “இந்த ரெண்டு பேரும் என்ட ஆக்களில்ல. கடைக்கு வந்து நானாவோட கதைச்சவங்க. பெட்டி அனுப்ப அட்ரஸ் மட்டும் நான் எழுதினனான்.”

“கொப்பியில உங்கட எழுத்து இருக்குத்தானே அக்கா. விட்டா என்ன?”

“கொழும்பில இருந்து கோல் எடுத்து, ஆர் உங்களச் சந்திச்சது எண்டு கேட்டா, அவங்க என்ட பேரையா சொல்லப் போறாங்க? மாத்துங்க.”

மாற்றினேன். நாற்பத்தொன்று. வேறு எந்தப் பெயரையும் அவர் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. மிச்சம் ஒவ்வொன்றையும் எந்தக் கரையில், எந்தப் படகுக்குப் பக்கத்தில் கண்டேன் என்று சொன்னார். பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்கு கேட்டபோது கொப்பியை மூடினார்.

அன்றே நான் எடுத்துவிட்ட அந்தக் கேள்வியைத் திரும்பச் சேர்த்தேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம்தான்.

பத்து நாள் கழித்து நிஸா அக்காவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அப்போது அவர் திரியாயில் இருந்தார். ஜவ்பர் நானா கோல் எடுத்துச் சொன்னார்.

“உடைச்சு வாசிங்க நானா” என்றது மறுமுனை.

“ஏலாது. உங்கட பேருக்கு வந்திருக்கு, நீங்களே வந்து உடைங்க. இனி ஆர்ட பேரிலயும் நான் கை வைக்கிறல்ல.”

அவர் மூன்றரை மணி பஸ்ஸில் வந்தார். நின்றபடியே பிரித்து, முதல் வரியை வாசித்து, பிறகு கதிரையில் அமர்ந்து மிச்சத்தை வாசித்தார். நிரந்தரம் என்று எழுதியிருந்தது.