எல்போவில் மாட்டிய ரொட்டி

ஒரு ரொட்டியால் பதினோரு கடல்மீன்களைக் கொன்றவன் நான். தின்னக் கொடுத்துக் கொன்றிருந்தாலாவது அன்பு மிகுந்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நான் அந்த ரொட்டியைக் குழாய்க்குள் திணித்தேன். அதன் நினைவாக ஒரு பிவிசி வளைவு, குழாய் வேலைக்காரர்கள் எல்போ என்பது, இன்றும் என் மேசையில் காகிதங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் நவீன சிற்பமா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்ல அதிக நேரம் ஆகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில், செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மீனவர்கள் வாழும் குருசுக்குப்பத்திலிருந்து கேன்களில் கடல்தண்ணீர் வரும். வலையில் சிக்கிய சின்ன வண்ண மீன்களை அங்குள்ளவர்களே கொண்டுவந்து கொடுப்பார்கள். தொட்டிக்கும் வடிகட்டும் பீப்பாய்க்கும் இடையே ஓடிய குழாய்களை எல்லாம் போட்டவர் எங்கள் பிட்டர். மில்லில் பிட்டராக இருந்து வெளியே வந்தவர். முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். ஆறு வருடமாகத் தினக்கூலி. அந்த ஆண்டு நிரந்தரம் செய்ய அனுப்பவேண்டிய பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் கல்லூரி முழுவதும் ஐயா என்ற பொருளில் 'முசே' என்று அழைத்த எங்கள் துறைத்தலைவரின் மேசையில், கையெழுத்துக்காக அந்தப் பட்டியல் காத்திருந்தது.

அந்தத் தொட்டியின் வால்வு முழுதாக மூடாது. எவ்வளவு திருகினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். குழாய் மூட்டை ஒட்டவேண்டுமென்றால் அந்த ஈரத்தில் பசை பிடிக்காது. அதற்குப் பிட்டரிடம் ஒரு வழி இருந்தது. தெருமுனை பேக்கரியில் காலையில் வரும் நீள ரொட்டியை வாங்கி, நடுவிலிருக்கும் மெத்தென்ற பாகத்தைப் பிய்த்து உருட்டிக் குழாய்க்குள் அடைப்பார். அது சொட்டும் நீரை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே துடைத்து, பசை தடவி, ஒட்டிவிடுவார். பசை காய்ந்து மோட்டார் ஓடியதும் ரொட்டி கரைந்து வடிதுணியில் வந்து சேரும். கல்லூரி முழுக்கத் தெரிந்த வித்தை அது. "உங்க பிட்டர் பைப்புக்கும் டிபன் குடுக்கறாரு" என்று வேதியியல்காரர்கள் கேலி செய்வார்கள்.

ஒரு சனிக்கிழமை எல்போ மூட்டு ஒழுக ஆரம்பித்தது. திங்களன்று தொட்டியைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருவதாக ஏற்பாடு. பிட்டர் ஊரில் நடக்கும் மச்சினி வளைகாப்புக்காக அரைநாள் விடுப்பில் கிளம்பிக்கொண்டிருந்தார். "வாளி வச்சிருக்கேன் சார். திங்கக்கிழம காலைல ஒட்டிக்கலாம். நீங்க கைய வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் நான் கை வைத்திருக்கவே மாட்டேன்.

எல்போவைக் கழற்றினேன். கொஞ்சம் என்ன, நிறையவே அடைப்போம் என்று அரை ரொட்டியை முறுமுறுப்பான தோலோடு குழாய்க்குள் தள்ளினேன். ஒட்டினேன். பசை காய்ந்ததும் மோட்டாரைப் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. குழாய்க்குள் தண்ணீரே போகாததால்தான் ஒழுகவில்லை என்பது, மீன்களின் சுவாசம் பற்றி மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவனுக்குத் தோன்றவில்லை. ஒட்டிய மூட்டையும் காய்ந்த வாளியையும் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை பதினொன்றும் மேலே மிதந்தன.

பிட்டர் எல்போவை அறுத்து எடுத்தார். உள்ளே ஊறிப்போன ரொட்டி. முசே அதைப் பார்த்தார். பிறகு பிட்டரைப் பார்த்தார். ரொட்டி இருந்தால் அது பிட்டர் கை என்று கல்லூரிக்கே தெரியுமே. "ஊருக்குப் போற அவசரத்துல அடைச்சிட்டுப் போயிட்டியா?" என்றார்.

"நான் வைக்கல முசே" என்று பிட்டர் ஒரே ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கோ அது வேலையில் முதல் வருடம். இன்னும் உறுதி செய்யப்படவில்லை. நான் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வார்த்தை போதும். அதற்கான நேரமும் இருந்தது. பட்டியல் அவர் பெயர் இல்லாமல் போனது. அடுத்த மாதத்திலிருந்து அவரும் வரவில்லை. அவர் கடைசியாக வந்துபோன நாளில், ஜன்னல் விளிம்பில் கிடந்த எல்போவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, என் வேலை பத்திரமான பிறகு, எனக்கு வீரம் வந்தது. முதலியார்பேட்டையில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். வீடுகளுக்குக் குழாய் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் எங்கும் அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் சார். ரொட்டி தோலோட இருந்திச்சே. நான் தோல வச்சி அடைப்பனா?" என்றார். பிறகு, "அன்னிக்கி சொல்லியிருக்கலாம் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

இப்போது அவர் இல்லை. கல்லூரியில் அந்தத் தொட்டியும் இல்லை. எல்போ மட்டும் என் மேசையில் இருக்கிறது. அன்று அவரிடம் காட்டுவதற்காக அதைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். இத்தனை வருடம் இதை வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவேண்டும் என்று ஆசை. அவர் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார்.

"இது அது இல்ல சார். அத அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். இது லேப் வாஷ்பேசினுக்கு வாங்கனது" என்றார்.