கேமரா மேல் ஒட்டின ஸ்டிக்கர்

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினேன். வீட்டில் பொண்ணு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது. பேட்டரி நிற்காது. இப்போது நீலமாக ஒரு திரை வந்து ஏதோ நம்பர் கேட்டது. மறுநாள் காலேஜில் பிராஜெக்ட் காட்ட வேண்டும். எல்லாம் அதற்குள்தான். வேறெங்கும் எடுத்து வைக்கவில்லை.

அவளுக்கு அன்று பரீட்சை. போ என்றேன். நான் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரனுக்கு என் தம்பி வயசு இருக்கும்.

"வச்சிட்டுப் போக்கா. சாயந்திரம் வா."

"இருக்கேன்."

"நேரமாவும்."

"ஆவட்டும்."

அதில் பொண்ணோட போட்டோவும் இருந்தது. ரிப்பேருக்குக் குடுத்த லேப்டாப்பிலிருந்து போட்டோ வெளியே போன கதையைக் கம்பெனி லைனில் கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தான். "டிஸ்க் லாக் ஆயிகீதுக்கா. அத தொறக்கற நம்பர் உம் பொண்ணு அக்கவுண்ட்ல இருக்கும். கேட்டுச் சொல்லு. இல்லன்னா மொத்தத்தையும் அழிச்சிட்டுதான் போடணும்."

அழித்துவிடுவேன் என்று பயம் காட்டி நம்பர் வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன்.

பரீட்சை முடிகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பொண்ணுக்குப் போன் போட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். "ஸ்கிரீன வீடியோ கால்ல காட்டும்மா. அதப் பாத்தாதான் எந்த நம்பர்னு தெரியும்."

காட்டினேன்.

"ஒரே இருட்டா இருக்கும்மா."

கடைக்காரன் சிரித்தான். "கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிகினு கீதுக்கா. என் போன்ல காட்டேன்."

கம்பெனிக்குள்ளே போட்டோ எடுக்கக்கூடாது என்று கேட்டில் எங்கள் போன் கேமராவில் தினமும் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வெளியே வந்தும் பிரிக்க மறந்திருக்கிறேன். அவன் போன் டேபிள் மேல் கேமரா தெரியக் கவிழ்ந்து கிடந்தது. என் போனிலிருந்து ஸ்டிக்கரை உரித்து அவன் போன் கேமராவில் ஒட்டினேன்.

"இன்னாக்கா, என் கடையையே கம்பெனியாக்கிட்ட?"

"அந்தப் பக்கம் திரும்பு தம்பி."

"உன்னையே செக்யூரிட்டியா போட்டிருக்கலாம்." சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான்.

திரையைப் பொண்ணுக்குக் காட்டினேன். நம்பரை அவள் வாயால் சொன்னால் அவன் காதில் விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பு என்றேன். நீளமான நம்பர். ஒவ்வொன்றாக அடித்தேன். நடுவில் தப்பு என்றது. ஒரு ஆறை விட்டிருந்தேன். திரும்ப அடித்தேன். எடுத்துக்கொண்டது.

பாதியில் நின்ற அந்த அப்டேட்டை அவன் எடுத்துவிட்டான். ரொம்ப நேரம் ஓடியது. நான் கண்ணை எடுக்கவில்லை. பழைய திரை வந்தது.

"நீயே தொறந்து பாருக்கா. நான் தொடல."

திரும்ப வீடியோவில் காட்டினேன். பொண்ணு சொன்ன இடத்தை அழுத்தினேன். பிராஜெக்ட் திறந்தது. "அதாம்மா," என்றாள்.

காப்பி எடுத்துத் தருகிறேன் என்று அவன் தன் பென்டிரைவை நீட்டினான். கவர் பிரிக்காதது ஒன்று வாங்கிக்கொண்டேன்.

சாயந்திரம் பொண்ணு எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். ஒன்றும் போகவில்லை.

"நல்லவராத்தாம்மா தெரியறாரு."

"தெரியறாரு. பாஸ்வேர்ட மாத்து."

மாற்றினாள். அப்புறம்தான் படுத்தேன்.