காணாத சண்டைக்கு அணைத்த சூடம்

கொட்டகலைக் கடைவீதியில் ஒரு சலூன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தோட்டத்து ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான் கிடப்போம். முடி வெட்ட நாலு பேர் வந்தால் பேச்சுக்குப் பத்துப் பேர் வருவார்கள். கண்ணாடிக்கு மேலே முருகன் படம். அதற்குப் பக்கத்தில், பத்திரிகையில் வெட்டிய இரண்டு குத்துச்சண்டைக்காரர்களின் படங்களைச் சலூன்காரர் கோதுமை மாவுப் பசை தடவி ஒட்டியிருந்தார். ஒருவர் பழைய உலக சாம்பியன். எனக்கு மீசை அரும்பிய காலத்தில் ஹெவிவெயிட் பட்டம் அவர் கையில் இருந்தது. மற்றவர் அந்த வருடங்களில், அறுபதுகளின் நடுவில், பட்டத்தைப் பிடித்த இளைஞர்.

நான் பழையவர் பக்கம். என் மச்சான் புதியவர் பக்கம்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என்னைவிட ஒரு வயதுதான் மூப்பு. இருவருக்கும் ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான் கொழுந்து அரைக்கிற ரோலரில், அவர் காய வைக்கிற அடுப்பில். வாரத்தில் நாலு நாள் அவர் என் வீட்டில்தான் சாப்பிடுவார். ஆனால் சலூனுக்குள் கால் வைத்துவிட்டால் எங்கள் இருவருக்கும் சொந்தம் மறந்துபோகும்.

"உன் ஆளு கட்டை மாதிரி நேரா வருவான், ரெண்டு குத்து விடுவான், அவ்வளவுதான். இவனைப் பாரு, நின்ன எடத்துல நிக்க மாட்டான். உன் ஆளு கையைத் தூக்கறதுக்குள்ள இவன் அட்டனுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துருவான்" என்பார் மச்சான்.

"அட்டன் போறவனுக்கு ரயில்ல வேலை குடுங்க. அவனுக்கு எதுக்கு பொக்சிங்? சண்டை போடறதுக்கு முன்னாலயே வாய் கிழியப் பேசுறான். என் ஆளு பேசி யாராவது கேட்டிருக்கியா?"

"பேசத் தெரிஞ்சவன் பேசுறான். உனக்கு ஏன் வயிறு எரியுது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிச் சீராக்குகிற ஒருவர் நாற்காலியில் சோப்பு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் சமாதானம் செய்யப் பார்த்தார். "விதைத் தேயிலைக்கு வேர் ஆழம், வெயிலுக்குத் தாங்கும். இப்ப கிளை வெட்டி நடுறாங்களே, அந்தப் புதுத் தேயிலை கொழுந்தை அள்ளிக் குடுக்கும். ரெண்டையும் ஒரே தராசுல போடாதீங்கப்பா."

"போடாட்டி நாங்க ஞாயித்துக்கெழம என்னத்தப் பேசுறது?" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. பழையவர் ஒரு சண்டையில் முதல் சுற்றிலேயே விழுந்து எழுந்தார், அதற்குப் பிறகு கடைசி வரை ஒரு அடிகூடப் பின்வாங்கவில்லை, உன் ஆளோ சண்டை முழுக்கப் பின்னால்தான் போகிறான் என்றேன்.

"பின்வாங்குறது பயம் இல்ல மச்சான், வித்தை. ஒரு அடிகூடப் பின்னால வைக்காதவன் மனுசனே இல்ல. யாரோ சொன்ன கதை."

"கதை இல்ல. கண்டேன்."

"எங்க?"

"அட்டன் கொட்டகையில. படத்துக்கு முன்னால செய்திப்படம் போடுவானே, அதுல."

"கண்ணால கண்டியா?"

"இந்த ரெண்டு கண்ணாலயும்."

மச்சான் எழுந்து நின்றார். "சூடம் அணைப்பியா? நீ அணைச்சா இப்பவே இந்த நாற்காலியில உக்காந்து மீசையை எடுக்கிறேன்."

அது சாதாரண மீசை இல்லை. காதுப் பக்கம் ஏறி நிற்கும். சலூன்காரர் பதறினார். "வேணாம்ணே, சாமி விசயம். பொக்சிங்குக்குப் போயி சூடமா?"

"கொளுத்துங்க" என்றேன்.

முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் சூடம் எரிந்தது. வலது உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். "முருகா, நான் கண்டது சத்தியம்."

சோப்பு முகத்துக்காரர் எழுந்து இடம் விட, மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். கத்தி நாலு தரம் போனது. மீசை இருந்த இடம் வெளிறிப்போய்க் கிடந்தது. அதுவரை சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. "சரி, உன் ஆளுதான் பெரிய ஆளு" என்று சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தார். ஜெயித்த சந்தோஷம் எனக்குத் தோட்டத்துப் பாலம் வரைதான் இருந்தது.

மறுநாள் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற பெண்கள், அந்தப் பக்கமாகப் போன மச்சானைக் கண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மச்சான் என் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. என் மனைவி எடுத்து வைத்த சோற்றை மூடினாள்.

"அண்ணன் முகத்தப் பாக்க முடியலீங்க. அப்பா செத்து மொட்டை அடிச்சப்ப எடுத்தது, அதுக்கப்புறம் இப்பதான். எதிர்ல வர்றவங்க யாரு செத்தாங்கன்னு கேக்குறாங்களாம். அப்படி என்னத்தத்தான் கண்டீங்க அந்தப் படத்துல?"

நானும் சொல்லத் தொடங்கினேன். "விழுந்தாரு. ஒரு முட்டி தரையில. எழும்புனாரு. சிவப்புக் கால்சட்டை, வேர்வையில நனைஞ்சு..."

அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் காலத்தில் அட்டன் கொட்டகையில் காட்டிய செய்திப்படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. சிவப்பு எங்கிருந்து வந்தது?

இரவு முழுவதும் புரண்டு படுத்து யோசித்தேன். சிவப்பைக் கொடுத்தவன் ஒரு லொறிக் கிளீனர். என்னோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் வளர்ந்தவன், பிறகு இந்தியாவுக்குப் போய்விட்டான். அட்டனிலிருந்து நடந்து வரும்போது நடுரோட்டில் நின்று, விழுந்து, எழுந்து, அந்தச் சண்டையை, சிவப்புக் கால்சட்டை என்று தானாக நிறமும் சேர்த்து, எனக்கு ஆடியே காட்டினான். அடுத்த வாரம் நானும் கொட்டகைக்குப் போனேன். அதற்குள் செய்திப்படம் மாறிவிட்டது. குதிரைப் பந்தயம்தான் காட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவன் ஆடியதை நான் சொல்லிச் சொல்லி, நானே கண்ட மாதிரி ஆகிவிட்டது. சூடத்தில் கை வைக்கும்போதும் கண்டதாகத்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் "எங்க?" என்று அவர் கேட்ட கணத்தில் எனக்குள் ஒன்று தயங்கியது. அந்தத் தயக்கத்தை மிதித்துக்கொண்டுதான் கையை நீட்டினேன். அது எனக்குத் தெரியும், சாமிக்கும் தெரியும்.

போன வருடம் என் மகள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தேன். பிள்ளை பிழைத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை காப்புக் கட்டு. பொய்ச் சத்தியத்துக்கு நீட்டிய அதே கையில் அம்மனின் நெருப்பை எப்படி ஏந்துவேன்? கை வெந்தால் பரவாயில்லை. என் பொய்க்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ரோலர் பக்கத்தில் நின்றபடி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து தேவைக்கு மேல் அரைபட்டுப் போனது. "மனசு எங்கப்பா இருக்கு ஒனக்கு?" என்று தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சத்தம் போட்டார்.

வியாழக்கிழமை மாலை மச்சான் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குப் போனேன். அடுப்படியில் குந்தியிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

நெருப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டார். பிறகு, "யார்கிட்டயாவது சொன்னியா?" என்றார்.

"இல்ல. ஞாயித்துக்கெழம சலூன்ல சொல்லப் போறேன். அவங்க முன்னாலதானே சத்தியம் பண்ணேன்."

"சொல்லாத."

"மச்சான்..."

"சொல்லாதன்னா சொல்லாத. மொதல்ல சிரிச்சானுக. இப்பதான், மனுசன் சொன்ன சொல்லக் காப்பாத்துனான்னு ரெண்டு பேர் சொல்றானுக. நீ போயி பொய்யின்னு சொன்னா நான் யாரு? பொய்க்கு மீசையக் குடுத்த மடையன். ஒம் மனசு சுத்தமாகணும்னு எம் மூஞ்சியில சாணியக் கரைச்சு ஊத்தப் போறியா?"

"காப்புக் கட்டணும் மச்சான். புள்ளைக்கு நேந்தது."

அவர் அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினார். நான் திரும்பி வந்தேன். வெள்ளியும் சனியும் எப்படிப் போனது என்று எனக்கே தெரியாது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொன்னால் அவருக்குத் துரோகம், சொல்லாவிட்டால் சாமிக்கு. அம்மனிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டால் போதாதா என்று கோயில் வாசலில் நின்று பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. பத்துப் பேர் காதில் போட்ட பொய்யை அந்தப் பத்துப் பேர் காதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சலூனில் மச்சான் இல்லை. நான் போய் முருகன் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். "போன வாரம் நான் பண்ணது பொய்ச் சத்தியம். அந்தச் சண்டையை நான் காணல. இன்னொருத்தன் சொல்லக் கேட்டதுதான்."

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார். "சூடத்தக் கொளுத்துனது நான். எனக்கும் இதுல பங்கு இருக்கு" என்று படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெஞ்சில் இருந்த ஒருவன், "அப்ப மீசை சும்மாவா போச்சு?" என்றான். சிரிப்பு வந்தது.

"சிரிக்கறதா இருந்தா என்னப் பாத்துச் சிரிங்க. சொன்ன சொல்லுல நின்னவர் அவரு."

"அது சரி, பழைய ஆளு பின்வாங்கினானா இல்லையா?" என்று இன்னொருவன் கேட்டான்.

"எனக்குத் தெரியாது" என்றேன். அந்தச் சலூனில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என்னைத் தவிர வேறு யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. நான் வெளியே வரும்போதே மறுபடி வாதம் ஆரம்பித்துவிட்டது.

நான் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. என் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி, காப்புக் கட்டுகிறவனுக்கு மஞ்சள் வேட்டி அவன் மனைவியின் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அவளுக்கு அந்த அண்ணனைத் தவிர யாரும் இல்லை. மாலை ஆனதும் அவள் லயத்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கோயிலில் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"பழைய வேட்டிய மஞ்சத்தண்ணியில நனைச்சுத் தாறேன், கட்டிக்கிட்டுப் போங்க" என்றாள் கடைசியில்.

ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர், பிறகு இரண்டு பேர். மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு பூசாரி என்னிடம் வருகிற நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சான் வந்தார். மேலுதட்டில் ஒரு வாரத்து முள்மயிர். கையில் தாளில் சுற்றிய புது மஞ்சள் வேட்டி. அதை என் தோளில் போட்டார், என் கண்ணைப் பார்க்கவில்லை.

"இது அம்மனுக்குக் கொண்டாந்தது. ஒனக்கு இல்ல."

சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வேப்பிலை கட்டிய கம்பத்துக்குப் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார். பூசாரி என் வலது மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றினார். அவர் பக்கம் லேசாகத் திரும்பினேன். "ஆடாம நில்லுப்பா" என்றார். தாயே, வேட்டியை வரவைத்ததிலேயே நீ மன்னித்துவிட்டாய் என்று தெரிகிறது, அந்த மனுசன் எப்போது மன்னிப்பான் என்று கேட்டுக்கொண்டே, கம்பத்துப் பக்கம் தலையைத் திருப்பாமல் நின்றேன்.