பாய்க்கடியில் உட்கார்ந்திருந்த காலை

எழுபதுகளின் தொடக்கத்துல நடந்தது இது. நடந்த இடம் பசிபிக் சமுத்திரத்துல இருக்கிற சமோவான்ற தீவு. மேப்புல ஒரு ஈ வந்து உக்கார்ந்தா மறைஞ்சு போயிடும், அவ்ளோதான் அந்தத் தீவு. புதுவாயல் பக்கத்துல நெல்லு போட்டுகினு இருந்த குடும்பத்துல பொறந்தவன் அங்க எப்படிப் போனான்னு கேப்பீங்க. ஏர் ஓட்டப் பிடிக்காம, மெட்ராஸ் ஹார்பர்ல யார் யாரையோ பிடிச்சு, ஒரு சரக்குக் கப்பல்ல சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்தேன். அதே கப்பல்ல பழவேற்காட்டு அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. ஏரியில வலை போடுற குடும்பம். மூட்டையைத் தூக்கிக் கப்பலுக்குள்ள இறக்குற வின்ச் மிஷினை அவருதான் ஓட்டுவாரு. கப்பல்ல நம்ம பாஷை பேச எனக்கு அவரு, அவருக்கு நான். வாய் நிறைய என்னை "நைனா"ன்னுதான் கூப்பிடுவாரு.

எனக்கு சுபாவத்துலயே பயம் ஜாஸ்தி. கடல் லேசா ஆடினாலே கம்பியைப் பிடிச்சுகினு நிப்பேன். என்னைப் போய் இப்படி ஒரு இடத்துல கொண்டுபோய் உக்கார வெச்சுதே விதின்னு இன்னிக்கும் நினைச்சுக்குவேன்.

கொப்பரைத் தேங்கா மூட்டை ஏத்துறதுக்காக அங்க கப்பல் நின்னுச்சு. அன்னிக்குக் காலையில இருந்தே தூறல். அந்த ஊர்க் கூலி ஆளுங்க கீழ நின்னு கயித்து வலையில மூட்டை அடுக்கித் தர, அண்ணன் மேல தூக்கிகினு இருந்தாரு. பாதி உயரம் போனதும் பிரேக் வழுக்கிடுச்சு. மொத்தப் பாரமும் தடதடன்னு கீழ வந்துச்சு. எல்லாரும் ஓடிட்டாங்க, ஒருத்தரால மட்டும் ஓட முடியல. மூட்டைங்களைப் புரட்டி அவரை வெளிய எடுத்தப்போ நான் முகத்தைத் திருப்பிக்கினேன். கால் ரெண்டும் பார்க்கிற மாதிரி இல்ல. நினைவும் இல்ல.

போலீஸ் வந்து விசாரிச்சுட்டு, மழை ஈரத்துல நடந்த விபத்துன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. "அடிபட்ட ஆளோட ஊர்க்காரங்க கொதிச்சுப் போயிருக்காங்க, யாரும் கரையில இறங்காதீங்க"ன்னு கப்பல் ஆபீசர் கண்டிச்சு சொன்னாரு. அண்ணன் சோத்தைத் தொடல. தட்டு எடுத்துகினு போனா, சுவத்தைப் பார்த்துப் படுத்துகினு இருப்பாரு.

"பிரேக் புடிக்கலன்றாங்க நைனா. ஆனா அத்தப் புடிச்சிருந்த கை என்னுதுதானே? அந்த ஆளு செத்துப் பூட்டா நான் இன்னாடா பண்ணுவேன்? அவனுக்கும் ஊடு வாசல், பொண்டாட்டி இருக்கும்ல?"

"ஒண்ணும் ஆவாதுண்ணா"ன்னு சொன்னேன். எனக்கே அதுல நம்பிக்கை இல்ல.

மறுநாள் மத்தியானம் கூலி ஆளுங்களோட மேஸ்திரி கப்பலுக்கு வந்தாரு. ஆஜானுபாகுவான ஆளு. நம்ம லுங்கி மாதிரி ஒண்ணு கட்டிகினு இருந்தாரு, அதுக்குக் கீழ முட்டி வரைக்கும் அடர்த்தியா பச்சை குத்தியிருந்துச்சு. அடிபட்டவரு ஒரு ஊரு, இவரு வேற ஊரு. தன் ஊர்ல தலைக்கட்டுப் பெரியவரு. இங்லீஷ் பேசினாரு. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்லீஷை வெச்சு அவர் சொன்னதை அண்ணனுக்குச் சொன்னேன்.

அவங்க ஊர்ல இஃபோங்கான்னு ஒரு பழக்கம் இருக்காம். ஒருத்தனால இன்னொரு வீட்டுக்குப் பெரிய கெடுதல் நடந்துட்டா, கெடுதல் பண்ணவன் பக்கத்துப் பெரியவங்க விடியக்காலையில அந்த வீட்டு வாசலுக்குப் போவாங்களாம். தலைமேல ஒசத்தியான பாய் ஒண்ணைப் போத்திகினு தரையில குந்திகினு இருப்பாங்களாம். பேசக்கூடாது, எழுந்துக்கக்கூடாது. வீட்டுக்காரங்க வெளிய வந்து அந்தப் பாயைத் தூக்கிட்டா மன்னிச்சாச்சுன்னு அர்த்தம்.

"தூக்கலன்னா?"ன்னு கேட்டேன்.

தூக்குற வரைக்கும் உக்காரணும்னாரு. கோவத்துல யாராவது கை வெச்சா என்ன பண்றதுன்னேன். வாங்கிக்கணும், அதுக்குத்தானே போறோம்னாரு. ஏதோ சந்தைக்குப் போற மாதிரி சாதாரணமா சொல்றாரு மனுஷன்!

"வேணாண்ணா. போலீஸே உன்ன உட்டாச்சு. சரக்கு ஏத்தினா கப்பல் கெளம்பிடும். எதுக்கு இந்த பேஜாரு?"ன்னேன்.

"கப்பல் கெளம்பும்டா. நான் எங்கடா கெளம்புறது?"ன்னாரு அண்ணன். அப்புறம் என் கையைப் பிடிச்சுகினு, "நீயும் வர்றியா? எனக்கு அவுங்க பேச்சு ஒண்ணும் புரியாது நைனா"ன்னாரு. முடியாதுன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சரின்னு வந்துடுச்சு.

மேஸ்திரி எதுக்கு நடுவுல வர்றாருன்னு எனக்கு சந்தேகம். கேட்டேன். "இந்த ஆளுக்கு இங்க சொந்த பந்தம் யாரு இருக்காங்க? சொந்தம் இல்லாதவன் தனியாப் போய் உக்கார முடியாது. அதனால நான்தான் அவனுக்குக் குடும்பம்"னாரு.

ஆபீசர் கண்ணுல படாம இறங்கி, அன்னிக்கு சாயங்காலமே மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். அந்த ஊரு வீட்டுக்கு சுவரே கிடையாது. சுத்தித் தூணு, மேல கூரை, மழை வந்தா இறக்கிவிட தென்னங்கீத்துல பின்னின தட்டி. அவர் சம்சாரம் விரிப்புங்களுக்கு அடியில இருந்து மடிச்சு வெச்ச ஒரு பாயை எடுத்தாங்க. பாயின்னா நம்ம ஊரு கோரைப்பாய்னு நினைச்சுடாதீங்க. தாழை ஓலையை வேகவெச்சு, கடல் தண்ணியில ஊறப்போட்டு, வெயில்ல வெளுக்க வெச்சு, நூல் நூலாக் கிழிச்சுப் பின்னினது. கையில எடுத்தா பட்டுப் புடவை மாதிரி வழியுது. ஓரத்துல சிகப்பு இறகு வெச்சுத் தெச்சிருந்தாங்க. அதுல படுக்க மாட்டாங்களாம். நமக்கு நகை எப்படியோ அவங்களுக்கு அது அப்படி. பொண்ணு கல்யாணத்துக்காக அந்தம்மா வருஷக்கணக்கா உக்காந்து பின்னினதுன்னு மேஸ்திரி சொன்னாரு.

"நாளைக்குத் திருப்பிக் குடுத்துடுவாங்கதானே?"ன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்சுகினே தலையை ஆட்டினாங்க. பாயைத் தூக்கிட்டா அது அந்த வீட்டுக்கே சொந்தமாம். பேர் கூட வாயில நுழையாத ஒருத்தனுக்காக யாராவது இப்படிக் குடுப்பாங்களா? எனக்கு என்னமோ பண்ணிடுச்சு.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினோம். மேஸ்திரியோட சொந்தக்காரங்க சில பேர் கூட வந்தாங்க. விறகு, கல்லு, வாழை இலை எல்லாம் எடுத்துகினு வந்தாங்க. சமையலுக்கான்னு கேட்டேன். அவங்க ஊர்ல குழி அடுப்புல கல்லைக் காய வெச்சுத்தான் சமைப்பாங்க. "எங்களையே நீங்க சமைச்சுக்கலாம், எங்க உயிர் உங்க கையிலன்னு காட்டுறது. பழைய காலத்து அர்த்தம்"னாரு மேஸ்திரி. பழைய காலமாவது புதுக் காலமாவது, எனக்கு அங்கயே காலு நின்னுபோச்சு. சமையக்காரனுக்கு வர வேண்டிய சாவா இதுன்னு மனசுக்குள்ள புலம்பிகினே நடந்தேன்.

அடிபட்டவரோட வீட்டு வாசல் புல்தரையில உக்கார்ந்தோம். முன்னால நடுவுல மேஸ்திரி, ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் நான். பின்னால மேஸ்திரி சம்சாரமும் மத்தவங்களும் தலையைக் குனிஞ்சுகினு. மேஸ்திரி பாயை எடுத்து மூணு பேர் மேலயும் போத்தினாரு. "அவங்களா தூக்குற வரைக்கும் வெளிய வரக்கூடாது"ன்னு என் காதுல சொன்னாரு. அண்ணனுக்குச் சொன்னேன். "ம்"னாரு.

உள்ள முதல்ல இருட்டு. அப்புறம் பொழுது விடிய விடிய அந்தப் பின்னல் வழியா மஞ்சளா வெளிச்சம் வந்துச்சு. சேவல் கூவுச்சு. பக்கத்து வீட்டுல இருந்து ஜெபப் பாட்டு கேட்டுச்சு. அது நின்னதும் எங்களைப் பார்த்துட்டாங்கபோல, எல்லா சத்தமும் ஒரேடியா அடங்கிடுச்சு. அதுதான் பயமா இருந்துச்சு. ஒரு குழந்தை ஓடி வந்துச்சு, யாரோ அதட்டித் திருப்பிக் கூப்பிட்டாங்க. அப்புறம் எங்கயோ கத்தியைக் கல்லுல தீட்டுற சத்தம். சர்க், சர்க்னு. தேங்கா உரிக்கத் தீட்டுறாங்களா, வேற எதுக்காவதான்னு யாரைக் கேக்குறது? பாயோட கீழ் ஓரத்துல வெறுங்காலுங்க தெரிஞ்சுது. வந்து நிக்கும், போகும். ஒருத்தன் கோவமா கத்தினான். ஒரு கல்லு வந்து என் முட்டிக்கிட்ட விழுந்துச்சு. எனக்கு மூத்திரம் முட்டிகினு வந்துச்சு. மேஸ்திரி சுத்தமா அசையல. அண்ணன் "கங்கம்மா, கங்கம்மா"ன்னு அவங்க சாமியைக் கூப்பிட்டு முணுமுணுத்துகினே இருந்தாரு.

வெயில் ஏறிடுச்சு. கால் மரத்துப் போச்சு. யாரும் பாயைத் தூக்க வரல. அடிபட்டவரோட சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்காங்க, அவங்க வராம இவங்க முடிவு பண்ண மாட்டாங்கன்னு மேஸ்திரி கிசுகிசுத்தாரு. அப்போ அந்த ஆளு இருக்காரா இல்லையான்னு அங்க யாருக்குமே தெரியாது.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்து நின்னுச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அடிபட்டவரோட சம்சாரம்தான் இறங்கி ரெண்டு வார்த்தை சொன்னாங்க. அவ்ளோதான், வீட்டுல இருந்த பொம்பளைங்க எல்லாம் ஓன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க.

"பூட்டான்டா! பூட்டான்டா நைனா!"ன்னு அண்ணன் அலறினாரு. நான் பிடிக்கிறதுக்குள்ள பாயைத் தள்ளிட்டு எழுந்து ஓடினாரு.

நம்ம ஊர்ல தப்புப் பண்ணவன் என்ன பண்ணுவான்? கால்ல விழுவான். அவருக்குத் தெரிஞ்சது அதுதான். நேரா ஓடிப்போய் லாரியில வந்த அந்தம்மா கால்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்து, ரெண்டு காலையும் பிடிச்சுகினு, "என்னை வெட்டிடு தாயே, வெட்டிடு"ன்னு தமிழ்ல கதறினாரு. அவங்க கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? புருஷனைச் சாய்ச்ச வெளியூரான், போத்தின பாயை உதறிட்டுப் பாய்ஞ்சு வந்து பொம்பளை காலைப் பிடிச்சு இழுக்குறான்! வாலிபப் பசங்க நாலா பக்கமும் இருந்து ஓடி வந்தாங்க. ஒருத்தன் கையில நீளக் கத்தி. மேஸ்திரி எழுந்துக்கல, அவர் எழுந்தா எல்லாமே கெட்டுப்போயிடும். நான் என்னமோ இங்லீஷ்ல கத்த நினைச்சேன். ஒரு வார்த்தை வரல. "ஐயோ, அவரு கும்புடுறாருய்யா! கும்புடுறாரு!"ன்னு தமிழ்லயே கத்தினேன். எவனுக்குப் புரியும்?

அந்தம்மா கையைத் தூக்கினாங்க. ஓடி வந்த பசங்க தயங்கினாங்க, ஆனா கத்தி இறங்கல. அந்தம்மா கீழ பார்த்தாங்க. தன் பாதத்துல நெத்தியை வெச்சுத் தேம்புற மனுஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துகினே இருந்தாங்க. அப்புறம் மெதுவா காலை உருவிகினு எங்ககிட்ட நடந்து வந்தாங்க. எங்க மேல பாதியும் தரையில பாதியுமாக் கிடந்த பாயை இழுத்தாங்க. முடிஞ்சுது, தூர வீசப் போறாங்கன்னு நினைச்சேன்.

வீசல. அதை எடுத்துகினு போய் அண்ணன் மேல தலையில இருந்து கால் வரைக்கும் போத்தினாங்க. பாய் மேல விழுந்ததும் அந்தப் பசங்க அப்படியே பின்வாங்கிட்டாங்க. பாய்க்கு அடியில இருக்கிறவனை யாரும் தொட மாட்டாங்கபோல. அண்ணன் உள்ள குலுங்கிகினு இருந்தாரு. அந்தம்மா கொஞ்ச நேரம் பக்கத்துலயே நின்னாங்க. அப்புறம் குனிஞ்சு, ரெண்டு கையாலயும், அவசரமே இல்லாம அந்தப் பாயைத் தூக்கினாங்க.

மேஸ்திரி முகத்தைத் தரையில வெச்சு அழுதாரு. அவ்வளவு பெரிய உடம்பு அழுது நான் பார்த்ததில்ல.

அந்தம்மா ஏதோ சொன்னாங்க. மேஸ்திரி எனக்கு இங்லீஷ்ல சொன்னாரு, நான் அண்ணனுக்குச் சொன்னேன். "அவரு பாயை உதறிட்டு வந்துட்டாரு. இல்லாத பாயை நான் எப்படித் தூக்குறது? அதான் முதல்ல மூடினேன்." அவ்ளோதான் சொன்னாங்க.

புருஷன் சாகல. ஒரு காலை எடுத்துட்டாங்களாம், விடியக்காலையில கண்ணு முழிச்சுப் பேசினாராம். பொம்பளைங்க அழுதது அந்தக் காலுக்காகவும், உயிர் தங்கின சந்தோஷத்துக்காகவும்தான். அதைக் கேட்டதும் அண்ணன் அங்கயே புல்லுல உக்காந்துட்டாரு.

எங்களை உள்ள கூட்டிகினு போய் தூணுக்கிட்ட உக்கார வெச்சாங்க. ஏதோ வேரை இடிச்சுக் கரைச்ச தண்ணியை மரியாதையா தேங்காச் சிரட்டையில மொண்டு குடுத்தாங்க. சேத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு, நாக்கு மரத்துப் போச்சு, மடமடன்னு குடிச்சேன். கத்தியோட ஓடி வந்த பையன் அடிபட்டவரோட தம்பியாம். அதே கத்தியால ஒரு இளநி சீவி என் கையில குடுத்துட்டுப் பக்கத்துலயே உக்கார்ந்தான். எனக்கு அவனைப் பார்த்து சிரிக்கவும் தெரியல, பயப்படாம இருக்கவும் தெரியல. மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிகினு போனாங்க. அந்த மனுஷன் படுத்தபடியே அண்ணன் தலையில கை வெச்சாரு. அதுக்கப்புறம்தான் அண்ணன் சோறு சாப்பிட்டாரு.

எனக்கு இப்போ வயசாயிடுச்சு. கோவம் சட்டுனு வர்ற ஆளுதான் நான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எவனாவது தப்பு பண்ணிட்டு, எப்படி மன்னிப்புக் கேக்குறதுன்னே தெரியாம என் எதிர்ல தாறுமாறா எதையாவது உளறிகினு நின்னா, அந்தம்மா நடந்து வந்து பாயை எடுத்தது என் கண்ணு முன்னால வந்து நிக்குது. கேக்கத் தெரியாதவனுக்கும் சேர்த்து முதல்ல நாமதான் மூடணும், அப்புறம்தான் தூக்க முடியும்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன்.