கை ஆகும், முகம் ஆகாது

திருச்செங்கோட்டுக்கு வடக்கே, ஆட்டையாம்பட்டி போகும் சாலையோரத்தில் இருக்கிறது செங்கோடன் வீடு. அங்கிருந்து வருடத்துக்கு மூன்று முறை போர்வெல் வண்டி வடநாட்டுக்குப் புறப்படும். எட்டு ஆட்களுக்கு நாற்பது நாள் சாப்பாட்டுச் சாமான் அவன் அண்ணி ஆராயியின் கையால்தான் ஏறும். மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல், ராகி மாவு, எள்ளுருண்டை. எது எத்தனை நாள் கெடாது, எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவள் சேலத்தைத் தாண்டிப் போனதே இல்லை.

சாமான் ஏறி ஹாரன் அடித்ததும் அவள் தானிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். புருஷன் அங்கமுத்து இதே வேலையில் குழாய் சரிந்து விழுந்து செத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. தாலி இல்லாதவள் எதிரே வந்தால் போட்ட துளையில் தண்ணீர் வராதாம். அவள் இடித்த பொடியை மட்டும் நாற்பது நாள் தின்னலாமாம். கை ஆகும், முகம் ஆகாது.

ஒருமுறை அவள் உள்ளே இருக்கும்போதே புறப்பட்ட வண்டிக்குச் சத்தீஸ்கரில் அறுநூறு அடி ஆழத்தில், பாறையைக் குடையும் பிட்டு மாட்டிக்கொண்டது. முகம் பார்க்காமலே இப்படி ஆனதற்கு வீட்டார் வெட்கப்பட்டிருக்க வேண்டும், படவில்லை. சன்னல் வழியாகப் பார்த்திருப்பாள் என்றார்கள். அடுத்த வாரமே சன்னலில் பலகை அடித்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வண்டி ஓட்டும் மாதேஷ் தன் போனில் ஒரு படம் காட்டினான். போபால் பக்கத்தில் ஒரு பாறைக் குகை. ஆயிரக்கணக்கான வருடத்துக்கு முன்னால் யாரோ காவி மண்ணைக் குழைத்து வரைந்தது. கைகோத்து ஆடும் ஒரு வரிசை.

“இதுல தாலி அறுத்தவ யாரு, மாதேசு?” என்று ஆராயி கேட்டாள்.

“தெரியலீங்களே அக்கா. எல்லாம் ஒரே சாயம்.”

அந்தப் பதில் அவளை விடவே இல்லை. அதை நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் யாழினியிடம் சொன்னாள். இருபத்தேழு வயதான யாழினிக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை. ஞாயிறுதோறும் ஊருக்கு வருவாள். அம்மாவும் மகளும் வரைபடத்தைத் தரையில் விரித்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

“போபால்ல எறங்கி ஒரு நாள் சாஞ்சி. மறுநாள் உன்ற குகை. அப்பறம் பச்மரி மலை. காட்டுப் பாதைம்மா, முட்டி தாங்குமா?”

“நாப்பது கிலோ மூட்டை தூக்கறவளுக்கு என்னடி முட்டி? ஷூ வாங்கிக் குடு. செருப்புல பாறை ஏற முடியாது.”

“அங்க சோறு கெடைக்கும், டப்பா டப்பாவாக் கட்டாத.”

“எல்லாத்துலயும் உருளைக்கெழங்காம். புளிக்காய்ச்சல் ஒண்ணு மட்டும் வெச்சுக்கறேன் சாமி.”

செங்கோடன் மனைவி கோகிலவாணி வாசற்படியில் நின்று சிரித்தாள். “அம்பத்தொரு வயசுல டூருங்களாக்கா? காசின்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு.”

“காசிக்குப் போனா அழோணும் கோகிலா. நான் அழறதுக்குப் போகலை.”

புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்து இரண்டு மாதம் ஆயிற்று. புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால் செங்கோடன் ஜோசியரிடம் போய் வந்தான். வண்டிக்குக் குறித்த நாளும் அதே புதன்கிழமை, சாயங்காலம்.

“அண்ணி, நீங்க அடுத்த வாரம் போங்க.”

“டிக்கெட்டு போட்டாச்சே தம்பி.”

“அப்பச் சரி. வண்டி ஆட்டையாம்பட்டி தாண்டட்டும். பொறகு பொடக்காளி வழியாப் போங்க.”

பொடக்காளி என்பது கொல்லைப்புறம். குப்பை போகிற வழி. பத்தொன்பது வருடம் சோறு கட்டியவளுக்கு அவன் கொடுத்த வழி அது.

“சேலத்துக்கும் அதே ரோடுதான் சித்தப்பா. வண்டி தாண்டற வரைக்கும் காத்திருந்தா நாங்க ரயில விட்டுருவோம்” என்றாள் யாழினி.

“நீ படிச்சவ, பேசுவ. துளை வத்தினா எட்டுக் குடும்பத்துக்கு நீ பதில் சொல்லுவியா?”

“நெலத்துக்குக் கீழ தண்ணி இருந்தா வரும். எங்கம்மாளப் பாத்துட்டு அது ஓடி ஒளியுமா?”

புதன்கிழமை வந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், கற்பூரம். ஆராயி கடைசி டப்பாவை ஏற்றிக் கொடுத்தாள். முகம் கழுவி, புது ஷூவை மாட்டினாள். பையைத் தூக்கினாள். மாதேஷ் ஹாரன் அடித்தான்.

கொஞ்ச நேரத்தில் யாழினி அம்மாவைத் தேடினாள். வாசலில் இல்லை, சமையலறையில் இல்லை. தானிய அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தால், பலகை அடித்த சன்னலுக்குக் கீழே, பையும் ஷூவுமாக ஆராயி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“இங்க என்னம்மா பண்ற?”

ஆராயி விழித்தாள். “ஹாரன் கேட்டுது...”

“உன்னை யாரு உள்ள தள்ளுனா?”

யாரும் தள்ளவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. செங்கோடன் சொல்லவில்லை, கோகிலவாணி கண் காட்டவில்லை. கால்கள் தாமாக வந்திருந்தன. கதவைத் தன் கையாலேயே சாத்தியிருந்தாள். வாங்கி இருபது நாள்கூட ஆகாத ஷூவுக்குக்கூட வழி தெரிந்திருந்தது. பத்தொன்பது வருடத்தில் இவர்கள் அவளை எவ்வளவு சுத்தமாகப் பழக்கியிருந்தார்கள்! வந்தது கோபம். துக்கமில்லை, துக்கத்தை அவளுக்குத் தெரியும்.

கூடத்தைக் கடந்து முன்வாசல் வழியாக இறங்கினாள். பூசணிக்காயைத் தாண்டி வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றாள். கற்பூரத் தட்டோடு செங்கோடன் கத்தினான்.

“அண்ணி! நல்ல காரியத்துல வந்து நிக்கறீங்களே, உங்களுக்கு அறிவிருக்குதா?”

“இருக்குதுங்க தம்பி. இத்தன நாளும் அது உள்ள நின்னுட்டு இருந்துது.” வண்டியின் மேல் நிமிர்ந்து பார்த்தாள். “மாதேசு, அந்த டப்பா பதினெட்டும் நான் தொட்டது. நான் இடிச்சது, நான் உருட்டுனது. ஆகாதவ கை பட்டது. எல்லாத்தையும் எறக்கு.”

மாதேஷ் செங்கோடனைப் பார்த்தான். செங்கோடன் டப்பாக்களைப் பார்த்தான். நாற்பது நாள் சோறு.

“எறக்கச் சொல்லுங்க தம்பி. நான் நிக்கறேன்.”

எட்டுப் பேரில் ஒருவன்கூட அசையவில்லை. கற்பூரம் அணைந்தது.

“எறக்க மாட்டீங்க. அப்ப இந்த மொகத்தையும் பாத்துட்டே போங்க” என்றாள்.

பிறகுதான் வழியை விட்டாள். அம்மாவும் மகளும் சாலையில் ஏறி நின்றதும் சேலம் பேருந்து வந்தது. ஆராயி சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

“ஜோசியர் குடுத்த நேரம் இன்னும் அரை மணி இருக்குது! வேற பூசணிக்காய் கொண்டாங்கடா!” என்று பின்னால் செங்கோடன் கத்திக்கொண்டிருந்தான். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஆட்டையாம்பட்டியைப் பேருந்துதான் முதலில் தாண்டியது.